இணையத்தை நிறுத்துவது எப்படி முடிகிறது?

கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடத்தை எடுத்து அஞ்செட்டியைத் தேடிப் பாருங்கள். தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, மலையும் காடும் சூழ்ந்த ஊர் அது. மேற்கே சிறிது தொலைவில் கர்நாடக எல்லை. இது போன்ற எல்லைப் பகுதிகளில் வாழ்பவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினால், கால் இன்னும் தமிழ்நாட்டு மண்ணிலேயே இருக்கும். செல்பேசியோ கர்நாடகத்துக்குள் சென்றுவிட்டதாகச் செய்தி காட்டும். இன்னும் நான்கு அடி நடந்து பள்ளத்தில் இறங்கினால் இரண்டு மாநிலமும் இல்லை. கோடுகள் எல்லாம் மறைந்து, 'சிக்னல் இல்லை' என்று சொல்லிவிடும்.

மலை மறைத்ததால் வந்த மௌனம் இது. இயற்கையின் செயல். ஆனால் இன்னொரு வகை மௌனமும் உண்டு. கோபுரம் நிமிர்ந்து நிற்கும், மின்சாரம் இருக்கும், கம்பிகள் அறுபடவில்லை, ஆனாலும் ஒரு மாவட்டம் முழுவதும், சில சமயம் ஒரு நாடு முழுவதும், இணையம் நின்றுபோகும். அது ஆணையினால் வரும் மௌனம். அது எப்படி முடிகிறது? எந்த இடத்தில் கை வைத்தால் இணையம் நிற்கும்? அதை நிறுத்தும் உரிமை யாருக்கு? இம்மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை காண்போம்.

மலை மறைக்கும் அலை

முதலில் இயற்கையின் மௌனத்தைப் புரிந்துகொள்வோம். செல்பேசி ஒரு சிறிய வானொலி நிலையம். அது அலையை அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. நம் நாட்டில் செல்பேசிகள் பயன்படுத்தும் அலைவரிசைகளுள் ஒன்று 900 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் என்ன? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 30 கோடி மீட்டரை 90 கோடியால் வகுத்தால் ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சென்டிமீட்டர் வருகிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றுக்கு முன்னால் இந்த அலை மிகச் சிறியது. ஆகவே அது குன்றைச் சுற்றி வளைந்து செல்வது கடினம். குன்றின் பின்புறம் நிழல் விழுவதைப் போல, அலையிலும் ஒரு நிழல் விழுகிறது.

அத்துடன், தொலைவு கூடக்கூட அலை வலுவிழக்கிறது. தடையே இல்லாத வெட்டவெளியில்கூடத் தொலைவு இரு மடங்கானால் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும். செல்பேசிக்கு மாநில எல்லை தெரியாது. எந்தக் கோபுரத்தின் அலை நன்றாகக் கேட்கிறதோ அதனுடன் தன்னைப் பதிந்துகொள்ளும். எல்லைக்கு அப்பால் இருக்கும் கோபுரம் குன்றின் உச்சியிலிருந்து நேராகத் தெரிந்தால் அதையே பிடித்துக்கொள்ளும். அஞ்செட்டிப் பக்கத்து விந்தையின் விளக்கம் இவ்வளவுதான். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

பொட்டலமும் பாதையும்

கோபுரத்தை அடைந்த செய்தி அதற்குப் பிறகு எப்படிப் பயணம் செய்கிறது? நீங்கள் ஒரு படத்தை நண்பனுக்கு அனுப்புகிறீர்கள். அது முழுதாக ஒரே மூட்டையாகச் செல்வதில்லை. ஆயிரக்கணக்கான சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் சேருமிடத்து முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். வழியில் 'ரௌட்டர்' என்னும் கருவிகள் முகவரியைப் படித்து, "இதை இந்தப் பக்கம் அனுப்பு" என்று தள்ளிவிடுகின்றன. போய்ச் சேர்ந்ததும் வரிசை எண்படி அடுக்கப்பட்டு, மீண்டும் படமாகின்றன.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1960-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் என்னும் பொறியாளர் ஒரு சிக்கலைச் சிந்தித்தார். எல்லாத் தொலைபேசிக் கம்பிகளும் ஒரே மையத்தில் சேர்ந்தால், அந்த மையம் போரில் அழிந்தவுடன் எல்லாமே ஊமையாகிவிடும் அல்லவா? மையமே இல்லாமல், மீன் வலையைப் போல ஒவ்வொரு முடிச்சும் பல முடிச்சுகளோடு இணைந்திருந்தால், சில முடிச்சுகள் அறுந்தாலும் செய்தி வேறு வழியில் போய்விடும் என்று அவர் காட்டினார். 1964-ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வு வெளியாயிற்று. பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனியாக இதே கருத்தை வந்தடைந்தார். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு முதல் செய்தி சென்றது. 'லாகின்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போனதும் கணிப்பொறி நின்றுவிட்டது! ஆனால் பாதை திறந்துவிட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று.

இதை நம் சாலைகளோடு ஒப்பிடலாம். அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்குச் செல்லத் தேன்கனிக்கோட்டை வழியே போவது நேர்வழி. அந்த மலைச்சாலையில் மரம் விழுந்து அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், பென்னாகரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று சுற்றிக்கொண்டும் ஓசூரை அடையலாம். நேரம் பிடிக்கும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். இணையத்தின் வலிமையும் இதுவே. ஒரு வழி அடைத்தால் மறு வழி.

அப்படியானால் எப்படி நிறுத்துகிறார்கள்?

இதற்கும் நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 செப்டம்பரில் காவிரி நீர்ப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. அப்போது தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓசூரை அடுத்த ஜூஜூவாடியோடு நின்றன. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு எல்லையை நடந்தே கடந்தார்கள். சாலையில் பள்ளம் விழவில்லை, பாலம் இடியவில்லை. வாசல் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

இணையத்திலும் இப்படிப்பட்ட வாசல்கள் இருக்கின்றன. பால் பாரன் வரைந்த வலையில் மையம் இல்லை. ஆனால் இன்று உங்கள் கைக்கு வரும் இணையம் அப்படி இல்லை. ஊரிலுள்ள கோபுரங்கள் இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு உரியவை. அந்த நிறுவனங்கள் அரசின் உரிமம் பெற்று நடப்பவை. நாட்டைவிட்டு வெளியே செல்லும் கடலடிக் கம்பிகள் கரையேறும் இடங்களும் சிலவே. வலையின் நடுவில் வழிகள் ஆயிரம். ஓரத்தில் வாசல்கள் சில. அந்தச் சில வாசல்களுக்கு ஆணை போனால் போதும்.

தூத்துக்குடி, 2018 மே

தமிழ்நாட்டில் நடந்ததையே பார்ப்போம். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரி மக்கள் நடத்திய போராட்டத்தின் நூறாவது நாள் 2018 மே 22. அன்று மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றார்கள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். 23-ஆம் தேதி தமிழக அரசின் உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவை 27-ஆம் தேதி வரை நிறுத்தப்பட வேண்டும் என்பது ஆணை. சமூக ஊடகங்களில் வதந்தியும் தூண்டிவிடும் செய்திகளும் பரவுவதைத் தடுப்பதே காரணம் என்று அரசு கூறியது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் கடலடிக் கம்பி 2006-ஆம் ஆண்டில் இடப்பட்டபோது, அது இந்தியக் கரையேறிய ஊர் இதே தூத்துக்குடிதான். உலகத்தோடு பேசக் கடலுக்கடியில் கம்பி இடப்பட்ட ஊரில், பக்கத்துத் தெருவுக்கு ஒரு செய்தி அனுப்ப முடியாமற்போயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே 23-ஆம் தேதி காலையில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகியிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கோ, பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வு முதன்முதலாக இணையவழிக்கு மாற்றப்பட்ட ஆண்டு அது. விண்ணப்பப் பதிவு அந்த மே மாதத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த மூன்று மாவட்டங்களிலும் வீட்டில் அமர்ந்து விண்ணப்பிக்க நினைத்த மாணவனுக்குப் போராட்டத்தோடு தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசல் ஒன்றுதான், அது மூடியிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. சம்பவம் நடந்தது தூத்துக்குடியில். மற்ற இரண்டு மாவட்டங்களில் ஏன் நிறுத்தினீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. நெல்லையிலும் குமரியிலும் சேவை முன்னதாகவே திரும்பியது. ஆணை எழுத்தில் இருந்தது. அதில் காரணமும் கெடுவும் இருந்தன. கேள்வி கேட்க ஒரு நீதிமன்றமும் இருந்தது. அதனால்தான் இது நடந்தது. இந்த மூன்றையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலை அடைக்கும் நான்கு வழிகள்

பொறியியல் கண்ணோடு பார்த்தால் இணையத்தைத் தடுக்கப் பெரும்பாலும் நான்கு வழிகள் பயன்படுகின்றன.

முதல் வழி, கோபுரத்தில் தரவை நிறுத்துவது. ஒரு கோபுரம் பேச்சையும் தரவையும் தனித்தனியே கையாள முடியும். ஆகவே தொலைபேசிப் பேச்சை விட்டுவைத்து இணையத்தை மட்டும் நிறுத்தலாம். இன்னின்ன பகுதியிலுள்ள கோபுரங்கள் என்று பட்டியலிட்டு நிறுவனம் இதைச் செய்கிறது. ஆனால் முன்பு பார்த்தோமே, அலைக்கு எல்லை தெரியாது. ஒரு மாவட்டத்தின் விளிம்பிலுள்ள கோபுரத்தை அடுத்த மாவட்டத்துக் கிராமமும் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லைக்கு அப்பால் இணையம் நிறுத்தப்பட்டால், இப்பால் உள்ள குன்றின் மேல் வீட்டிலும் இணையம் நிற்கக்கூடும். ஆணையைக் கோடு போட்டு எழுதலாம். அலையைக் கோடு போட்டு நிறுத்த முடியாது.

இரண்டாவது வழி, முகவரிப் புத்தகத்தை மாற்றுவது. நீங்கள் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். கருவிகளுக்குப் பெயர் புரியாது. எண் முகவரிதான் புரியும். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்னும் அமைப்பு. இதைத் தொலைபேசிக் கையேடு எனலாம். கையேட்டிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட்டால் அந்த வீடு அப்படியே இருக்கும். ஆனால் வழி தெரியாது. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரை இவ்வாறு தடுத்தது. மக்கள் வேறொரு கையேட்டின் எண்ணை, அதாவது நான்கு எட்டுகளை, சுவர்களில் எழுதி ஒருவருக்கொருவர் தெரிவித்தார்கள்!

மூன்றாவது வழி, வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்குவது. உலகின் பெரிய வலைப்பின்னல்கள் ஒன்றுக்கொன்று, "இந்த முகவரிகளுக்கு என் வழியே வரலாம்" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. இந்த அறிவிப்பு முறைக்குப் பி.ஜி.பி. என்று பெயர். அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டால் உலக வரைபடத்திலிருந்து அந்த வலைப்பின்னலே மறைந்துவிடும். 2011 ஜனவரி 27 நள்ளிரவை ஒட்டி எகிப்து நாட்டில் இதுதான் நடந்தது. அதிபர் முபாரக்கை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த நேரம். சில நிமிடங்களுக்குள் சுமார் 3,500 அறிவிப்புகள் மறைந்தன. பங்குச் சந்தைக்குச் சேவை அளித்த ஒரு நிறுவனம் மட்டும் சில நாள் விட்டுவைக்கப்பட்டது. பிறகு அதுவும் நின்றது. பிப்ரவரி 2-ஆம் தேதிதான் எகிப்து மீண்டும் வரைபடத்தில் தோன்றியது.

நான்காவது வழி, வேகத்தைக் குறைப்பது. இதைத் 'தடை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இணையம் இருக்கிறது என்றே கணக்கு. ஆனால் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் குடம் எப்போது நிறையும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 மெகாபைட் அளவுள்ள ஒரு பாட வீடியோவை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக 160 மெகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள 4ஜி இணைப்பில் இது 16 நொடியில் வந்துவிடும். நொடிக்கு 100 கிலோபிட், அதாவது 0.1 மெகாபிட் வேகமுள்ள 2ஜி இணைப்பில்? 160-ஐ 0.1-ஆல் வகுத்தால் 1,600 நொடி. ஏறக்குறைய 27 நிமிடம்! அதுவும் இடையில் ஒரு முறைகூட அறுபடாமல் இருந்தால்தான்.

காஷ்மீர் மாணவர்கள் இந்தக் கணக்கை வாழ்ந்து பார்த்தார்கள். 2019 ஆகஸ்டு தொடக்கத்தில், அம்மாநிலத்தின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டபோது, அங்கே தொலைபேசியும் இணையமும் நிறுத்தப்பட்டன. 2020 ஜனவரி இறுதியில் 2ஜி வேகத்தில், அதுவும் அனுமதிக்கப்பட்ட சில தளங்களுக்கு மட்டும், இணையம் திரும்பியது. மார்ச்சில் எல்லாத் தளங்களும் திறந்தன. வேகம் மட்டும் கூடவில்லை. அதே மாதம் கொரோனாவால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் செல்பேசிக்கு வந்தது. காஷ்மீரின் பெரும்பகுதியில் 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரி 5 அன்றுதான். ஒன்றரை ஆண்டு! ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்பை முடிக்கும் காலம் அது.

கெடுபிடி ஆட்சிகளில்

உலகின் சில நாடுகளில் இத்தகைய தடை அன்றாட வழக்கம். சீனாவில் வெளிநாட்டுத் தளங்கள் பல வடிகட்டப்படுகின்றன. நாட்டின் வாசல்களில் நிற்கும் கருவிகள் பொட்டலங்களைச் சோதித்து, வேண்டாதவற்றைத் தள்ளிவிடுகின்றன. வட கொரியாவில் சாதாரண மக்களுக்கு உலக இணையமே கிடையாது. உள்நாட்டுக்குள் மட்டும் சுற்றும் ஒரு சிறு வலைதான் உண்டு. ஈரானில் 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, நாடு ஏறக்குறைய ஒரு வாரம் உலகத்தோடு தொடர்பற்றுப் போனது. மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன் பிறகு பல வாரங்கள் இரவு ஒரு மணிக்கு இணையம் நிற்கும்; காலையில்தான் திரும்பும்.

நம் அண்டை நாடான இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடியை எதிர்த்துப் போராட்டம் நடக்கவிருந்த வேளையில், பேஸ்புக், வாட்ஸ்ஆப் முதலியன தடுக்கப்பட்டன. மக்களில் பலர் வி.பி.என். என்னும் முறையைப் பயன்படுத்தினார்கள். ஒரு கடிதத்தை மூடி, வேறோர் ஊர் முகவரி எழுதிய இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்புவது போன்றது அது. வாசலில் நிற்பவருக்கு வெளி உறையின் முகவரிதான் தெரியும். அன்றைய அமைச்சர் ஒருவரே, தாமும் அந்த முறையைப் பயன்படுத்துவதாகவும் இத்தகைய தடை பயனற்றது என்றும் பொதுவெளியில் சொன்னார்! தடை அன்றே விலக்கப்பட்டது. ஆனால் வி.பி.என். எல்லாவற்றுக்கும் மருந்தன்று. கோபுரத்திலேயே தரவை நிறுத்திவிட்டால் எந்த உறையும் செல்லாது.

கெடுபிடி ஆட்சியில்தான் இப்படி நடக்கும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. உலகெங்கும் இணையத் தடைகளைக் கணக்கெடுக்கும் 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் பட்டியலில் 2018 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடத்தில் இருந்தது இந்தியாதான். 2024-இல் மியான்மர் 85 தடைகளோடு முன்னே சென்றது, இந்தியா 84.

வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கிணற்றில் கல்லைப் போட்டு ஒலியைக் கேட்டு ஆழம் அறிவதில்லையா? அதே போல விஞ்ஞானிகள் உலகெங்கும் உள்ள முகவரிகளுக்கு ஓயாமல் சிறு பொட்டலங்களை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு நாட்டிலிருந்து வரும் பதில்கள் திடீரென்று சரிந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. வழிகாட்டி அறிவிப்புகள் மறைவதையும் பதிவு செய்கிறார்கள். எகிப்தின் கதை உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

ஆனால் புயலால் கம்பி அறுந்தாலும் பதில் நிற்கும். ஆணையால் நின்றாலும் பதில் நிற்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? வரைபடத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இயற்கைச் சேதத்தில் இணைப்பு ஒழுங்கற்றுச் சரியும். துண்டு துண்டாகத் திரும்பும். ஆணையில் எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செங்குத்தாக விழும்; திரும்பும்போதும் மணி அடித்தாற்போல் எழும். மியான்மரின் இரவுகள் வரைபடத்தில் சீப்பின் பற்களைப் போலத் தெரிந்தன. எந்தப் புயலும் கடிகாரம் பார்த்து அடிப்பதில்லை அல்லவா?

வதந்தியின் கேள்வி

"வதந்தி உயிரைக் குடிக்கிறதே, அதைத் தடுக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே 2018 மே மாதத்தில், தூத்துக்குடிச் சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, குழந்தை கடத்துபவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்ஆப்பில் பரவிய பொய்தான் அந்தச் சந்தேகத்துக்கு வித்து.

ஆனால் இரண்டு செய்திகளை எடை போடுங்கள். ஒன்று, வாசலை மூடினால் பொய்யோடு மறுப்பும் நின்றுபோகும். 'என் மகன் பத்திரமாக இருக்கிறான்' என்ற செய்தியும், 'எந்த மருத்துவமனையில் ரத்தம் தேவை' என்ற செய்தியும் அதே வாசலில்தான் காத்துக் கிடக்கும். வதந்தி வாய்வழியே நடந்துகொண்டேயிருக்கும். அதைச் சரிபார்க்கும் வழி மட்டும் அடைபடும். இரண்டாவது, வேறு மருந்துகள் உண்டு. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வேண்டும்; மூச்சையே நிறுத்துவது வைத்தியமாகாது.

சாவி யார் கையில்?

செய்தியின் வாசலை மூடுவது புதிய வழக்கமன்று. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டபோது, தில்லியில் பல செய்தித்தாள் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. காகிதம் இருந்தது, எழுத்துக் கோத்தாகிவிட்டது, இயந்திரம் சுழலவில்லை. இன்று இணையத்தில் நடப்பதும் அதே முறைதான்.

நம் நாட்டில் இணையத்தை நிறுத்தும் அதிகாரம் நெடுங்காலம் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. தந்திக் கம்பிக்காக ஆங்கிலேயர் எழுதிய சட்டம்! 2017 ஆகஸ்டில் தனி விதிகள் வந்தன. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர்தான் ஆணையிடலாம்; காரணம் எழுதப்பட வேண்டும்; ஒரு குழு அதை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றன அவை. 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. கால வரையறையின்றி இணையத்தை நிறுத்துவது செல்லாது. ஆணைகளை வெளியிட வேண்டும். ஆபத்தின் அளவுக்கு மேல் தடை இருக்கக் கூடாது. அந்த ஆண்டு நவம்பரில், ஓர் ஆணை 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்ற திருத்தமும் வந்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் புதிய விதிகள் பிறந்தன.

கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவியின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் விடுதியில் செல்பேசி பயன்படுத்தக் கூடாது என்ற விதியை அவர் ஏற்க மறுத்தார். படிப்பதற்கு இணையம் வேண்டும் என்றார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 2019 செப்டம்பரில் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. கேட்டவர் ஒரு மாணவி, பயன் எல்லோருக்கும்!

எந்தப் பொறியியலும் பூட்டே இல்லாத வாசலைச் செய்து தரவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, பூட்டு இருக்கிறதா என்பதன்று. சாவி யார் கையில் இருக்கிறது? பூட்டியதை அவர் எழுத்தில் சொன்னாரா? எத்தனை நாளைக்கு? 'ஏன்' என்று கேட்கும் இடம் இருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை இல்லாத நாட்டையே கெடுபிடி ஆட்சி நடக்கும் நாடு என்கிறோம். விடை எழுதப்பட்டிருக்கும் நாட்டிலும், யாரும் கேட்காவிட்டால் அந்த விடை தாளில்தான் இருக்கும்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் இந்த ஊர்களைப் புள்ளிகளாகக் குறியுங்கள்: அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், ராயக்கோட்டை, ஓசூர், நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், பென்னாகரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. வரைபடத்தைப் பார்த்து முக்கியச் சாலைகளைக் கோடுகளாக இணையுங்கள். இப்போது அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கு எத்தனை வழிகள் என்று எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியாக விரலால் மறைத்துப் பாருங்கள். ஒரு புள்ளியை மறைத்தால் வழி நிற்கிறதா? அஞ்செட்டியைத் தனிமைப்படுத்தக் குறைந்தது எத்தனை புள்ளிகளை மறைக்க வேண்டும்? தேன்கனிக்கோட்டையையும் நாட்றாம்பாளையத்தையும் சேர்த்து மறைத்தால் என்ன ஆகிறது? ஓசூரைத் தனிமைப்படுத்த அதைவிட அதிகம் தேவையா, குறைவா?

கணிதத்தில் இதற்கு வரைபுக் கோட்பாடு என்று பெயர். வலைப்பின்னல்களை ஆராயும் பொறியாளர்கள் இதே கேள்வியைத்தான் பெரிய அளவில் கேட்கிறார்கள். விடையைக் கண்டதும், தனிமைப்பட்ட புள்ளியைச் சுற்றி இன்னும் எந்த இரண்டு ஊர்களுக்கிடையே சாலை போட்டால் அது எளிதில் தனிமைப்படாது என்றும் கண்டுபிடியுங்கள்.